சந்தையும் சத்தியமும்

பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் மன்னனிடத்தே, கி. மு. 6ஆம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டு ஸ்பார்த்தா நகரத்தார் தூதன் ஒருவனை அனுப்பினர். சின்னாசியாவிலுள்ள கிரேக்க நகரங்களுக்குத் தீங்கு செய்தல் ஆகாது என்பது அத்தூதன் கொண்டு சென்ற எச்சரிக்கை. அதனைக் கேட்ட சைரஸ், ஸ்பார்த்தர் என்போர் யாவர், அவர் எத்துணைப் பேர் என்று பக்கத்தில் நின்றோரை வினவினான். பின்பு, தம் நகரின் நடுவே ஓரிடத்தை ஒதுக்கி வைத்து, அங்கே கூடிச் சத்தியம் செய்து கொண்டே ஒருவரை ஒருவர் ஏமாற்றும் மாந்தருக்குத் தான் என்றும் அஞ்சியதில்லை என்று விடையிறுத்தான். இச்செய்தியை எழுதி வைத்தவர் ஹெரொடோட்டஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர். கூடி வாங்கவும் விற்கவும் சந்தைவெளி அமைக்கும் வழக்கம் பாரசீகரிடத்தே இல்லாமையால், சைரஸ் இவ்வாறு கிரேக்கர் அனைவரையுமே இகழ்ந்தான் என்று அவர் விளக்கமும் தருகிறார்.

காலம் செய்த விந்தையைப் பாருங்கள். சந்தையை இகழ்ந்த அந்தப் பாரசீகரின் மொழியே பிற்காலத்தில் சந்தைக்கு உலகெங்கும் வழங்கும் பெயரைத் தந்தது. இடைக்காலப் பாரசீகத்தில் 'வாசார்' என வழங்கிப் பின் 'பாசார்' என்றாகிய சொல், துருக்கியரிடத்தே 'பசர்' ஆயிற்று; மலாய் மொழியில் 'பசார்' ஆயிற்று; இந்திய மொழிகளிலும் தமிழிலும் 'பஜார்' ஆயிற்று. துருக்கிய மொழியில் அச்சொல் சந்தையை மட்டுமன்றி ஞாயிற்றுக்கிழமையையும் குறிக்கும். அங்கேரி மொழியிலும் ஞாயிற்றுக்கிழமையின் பெயருக்குச் 'சந்தை நாள்' என்பதே பொருள். மக்கள் தம் கிழமைகளைக்கூடச் சந்தையைக் கொண்டு எண்ணிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இவை சான்று.

பெயர் எவ்வாறாயினும், சைரஸ் எழுப்பிய குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சந்தை என்பது சத்தியம் செய்து ஏமாற்றும் இடந்தானா? பழைய அங்காடிகளின் வரலாற்றை உற்று நோக்கினால், அவ்வரலாறு முழுவதுமே இவ்வொரு வினாவுக்கு மனித குலம் தேடிய விடையாகத் தோன்றும்.

சந்தையின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். ஒரு சிற்றூருக்குள் வாழ்வோர்க்குச் சந்தை பெரிதும் வேண்டியதில்லை. அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவர். இன்று ஒருவர் கொடுத்த நெல்லை நாளை மற்றொருவர் கொடுத்த காய்கறி ஈடு செய்யும். ஆனால் உப்பு விளையும் கரையில் நெல் விளைவதில்லை. நெல் விளையும் வயலில் உப்பு விளைவதில்லை. உப்பு ஏற்றிய வண்டிகளோடு உள்நாடு சென்று, உப்புக்கு நெல்லை மாற்றி வந்த உமணரைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. தன் ஊரானல்லாத ஒருவனோடு, தன் குலத்தவனல்லாத ஒருவனோடு, பொருளை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்தபொழுதே சந்தை பிறந்தது. ஆகவே அது பெரும்பாலும் இரு நிலங்கள் சந்திக்கும் எல்லையிலும், ஆற்றுத் துறையிலும், வழிகள் கூடும் இடத்திலும், நகர வாயிலின் புறத்தேயும், கோயில் வீதியிலுமே தோன்றியது. இவையெல்லாம் யாரும் அச்சமின்றி வந்து போகத்தக்க பொது இடங்கள்.

மொழி அறியாத இருவர் ஒருவரை ஒருவர் நம்பி வாணிகம் செய்ததற்கும் ஹெரொடோட்டஸே ஒரு செய்தி தருகிறார். கார்த்தேச்சு நகர வணிகர் ஆபிரிக்காவின் மேலைக் கரையில் ஓரிடத்துக்குச் செல்வர். தம் சரக்கைக் கரையில் இறக்கி வரிசையாக வைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவர். புகையைக் கண்ட அந்நாட்டு மக்கள் வந்து, சரக்கின் பக்கத்தே பொன்னை வைத்துவிட்டு அப்பால் விலகி நிற்பர். பொன் போதாதெனின் வணிகர் அதனைத் தொடாது மீண்டும் கப்பலில் ஏறிக் காத்திருப்பர். மக்கள் மேலும் பொன் வைப்பர். விலை நிரம்பும் வரை வணிகர் பொன்னைத் தொடார். வணிகர் பொன்னை எடுக்கும் வரை மக்கள் சரக்கைத் தொடார். சைரஸின் இகழ்ச்சியை எழுதிய அதே ஆசிரியர், அதற்கு மறுமொழி போல இதனையும் எழுதி வைத்தமை நினைக்கத்தக்கது.

ஆனால் எல்லாரும் எல்லாக் காலத்திலும் இவ்வாறு நடப்பர் என்று எந்த நகரமும் நம்பியிருந்துவிடவில்லை. சைரஸ் இகழ்ந்த அதே கிரேக்கர், அதென்ஸ் நகரில் சந்தைக்கெனத் தனி அலுவலரை நியமித்தனர். விற்கும் பொருளில் கலப்படமின்மையைக் காப்போர் பதின்மர். அளவைகளையும் நிறைகற்களையும் சோதிப்போர் பதின்மர். ஒவ்வொரு பதின்மரிலும் ஐவர் நகரிலும் ஐவர் துறைமுகத்திலும் கடமை புரிந்தனர். ஆண்டுதோறும் குடவோலை போன்றதொரு முறையால் இவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். பொது முத்திரை பதித்த அளவைக் கலங்கள் அந்நகரச் சந்தைவெளியில் அகழ்வாராய்ச்சியின்போது கிடைத்துள்ளன.

இனி மேற்காசிய நாட்டுப் பஜாருக்கு வருவோம். அங்கே அங்காடி ஒரு தெருவாகத் தொடங்கி ஒரு சிறு நகராகவே வளர்ந்தது. ஈரானிலுள்ள தப்ரிஸ் நகரத்துப் பஜார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரைகளின் கீழே நெடுந்தெருக்கள் ஓடுகின்றன. கூரையின் உச்சியில் விட்ட துளைகள் வழியே ஒளியும் காற்றும் இறங்குகின்றன. வெயிலும் பனியும் உள்ளே புகா. தெருக்களை அடுத்து வணிகர் தங்கும் சத்திரங்களும், தொழுகைப் பள்ளிகளும், கல்விக்கூடங்களும், நீராடு மனைகளும் அமைந்துள்ளன. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் 14ஆம் நூற்றாண்டில் இபுன் பதூதாவும் இந்நகரத்தின் வாணிக வளத்தை வியந்து எழுதினர். 2010ஆம் ஆண்டில் இப்பஜார் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய பஜார்களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு தெரு இருந்தது. செம்பு கொட்டுவோர் ஒரு தெரு. கம்பளம் விற்போர் ஒரு தெரு. வாசனைப் பொருள் விற்போர் ஒரு தெரு. ஒரே பொருளை விற்போர் அடுத்தடுத்து அமர்ந்திருத்தல் வணிகனுக்கு இழப்பன்றோ என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதிலே ஒரு பெரிய நன்மை உண்டு. வாங்க வந்தவன் பத்தடி நடந்தால் பத்துக் கடைகளில் விலை கேட்டுவிடலாம். ஒருவன் தாழ்ந்த சரக்கை உயர்ந்ததென்று விற்றால் அடுத்த கடைக்காரனே அதனை அறிவான். தெரு முழுவதற்கும் வரும் பழியை அஞ்சித் தொழிற் கூட்டத்தாரே ஒருவரை ஒருவர் கண்காணித்தனர்.

அதற்கு மேலும் ஒரு காவல் இருந்தது. இஸ்லாமிய நகரங்களில் 'முஹ்தசிப்' என்னும் அங்காடி மேற்பார்வையாளர் இருந்தார். அவருக்கு வழிகாட்டும் கையேடுகளும் எழுதப்பட்டன. 12ஆம் நூற்றாண்டில் சிரிய நாட்டில் வாழ்ந்த அல் ஷைசரி என்பவர் இயற்றிய கையேடு அவற்றுள் புகழ் பெற்றது. மாப் பிசைவோன் காலால் மிதித்துப் பிசைதல் கூடாது. பேசும்போதும் தும்மும்போதும் எச்சில் தெறியாதிருக்க வாயை மூடிக் கட்டிக்கொள்ளல் வேண்டும். வியர்வை வீழாதிருக்க நெற்றியில் துணி கட்டல் வேண்டும் என்றெல்லாம் அத்தகைய நூல்கள் விதிக்கின்றன. பாலில் நீர் கலந்திருப்பதை அறிய ஒரு மயிரிழையைப் பாலில் தோய்த்து எடுக்க வேண்டுமாம். இழையில் பால் ஒட்டாவிடின் நீர் கலந்தது என்று துணியலாமாம். இன்றைய சுகாதாரப் பரிசோதகரின் கடமைகளை எண்ணிப் பார்ப்போர்க்கு இவை புதுமையாகத் தோன்றா.

இக்காவல் முறைகளின் பயனாகவே பஜார் பொருள் விற்கும் இடமாக மட்டும் நில்லாது, நகரத்தின் அறத்துக்கும் அறிவுக்கும் ஊற்றாக வளர்ந்தது. 1453ஆம் ஆண்டில் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிய துருக்கிய மன்னன் இரண்டாம் மெஹ்மெத், சில ஆண்டுகளுக்குள்ளே அங்கு வணிகர்க்கென வலிய கல் மண்டபம் ஒன்றைக் கட்டத் தொடங்கினான். அதன் கடை வாடகை ஹாகியா சோபியா பள்ளிவாசலின் அறநிலையத்துக்கு உரியதாயிற்று. விலையுயர்ந்த பொருள்களை மக்கள் அம்மண்டபத்திலே அடைக்கலமாக வைத்தனர். அதனைச் சுற்றி வளர்ந்ததே இன்று ஏறத்தாழ 4,000 கடைகளைக் கொண்டு விளங்கும் இஸ்தான்புல் பெரும் பஜார். கடை வாடகையைக் கொண்டு பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தண்ணீர்ப் பந்தலும் நடத்தும் இம்முறை 'வக்பு' எனப்படும். ஒருவன் ஒரு முழம் துணி வாங்கியபோது, அவன் அறியாமலே ஒரு மாணாக்கனின் கல்விக்கும் உதவினான்.

பஜாரின் காப்பிக் கடைகளிலே கதை சொல்வோர் அமர்ந்து பழைய மன்னர் வரலாறுகளை நடித்துக் காட்டினர். தூர தேயத்துச் செய்தி முதலில் வந்து சேர்ந்ததும் அங்கேதான். அரசன் தவறியபோது அதனைத் தட்டிக் கேட்ட குரலும் அங்கிருந்தே எழுந்தது. 1905ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் தெஹரான் நகர ஆளுநர், சர்க்கரை விலை ஏறியதற்காக வணிகர் சிலரைப் பிடித்து உள்ளங்காலில் அடிப்பித்தார். அவர்களுள் யாவராலும் மதிக்கப்பட்ட முதியவரும் ஒருவர். உடனே பஜார் மூடப்பட்டது. வணிகரும் சமயத் தலைவரும் ஒன்றுகூடினர். பல மாதம் நீடித்த அக்கிளர்ச்சியின் முடிவில், 1906ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், பாராளுமன்றம் அமைக்க ஷா மன்னர் இணங்க வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் அரசியற் சட்டத்துக்குக் கடைக் கதவுகளின் அடைப்பு வழி திறந்தது.

இனி நம் தமிழ் மரபை நோக்குவோம். மதுரை மாநகரில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, அவர்கள் பிறர் பொருளையும் தம் பொருள் போலவே மதித்தனர். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளவும் இல்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கவும் இல்லை என்று போற்றுகின்றது. அத்துறையில் வந்திறங்கிய பொருள்களை எண்ணும்போது ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருளையும் அப்புலவர் மறவாது கூறுகிறார். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மன்றங்களுள் வெள்ளிடை மன்றம் என ஒன்றைக் காட்டுகின்றது. பெயரும் அளவும் பொறித்த சரக்கு மூடைகள் அங்கே காவலின்றிக் கிடக்கும்; அவற்றைத் திருட முயல்வோன் கழுத்தொடியச் சுமையைச் சுமந்து சுற்றித் திரிய நேரும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

அதே சிலப்பதிகாரம் அங்காடியில் சத்தியம் பிழைத்தால் வரும் கேட்டையும் காட்டுகின்றது. கோவலன் மதுரைக் கடைத்தெருவுக்கு ஒரு சிலம்பை விற்கச் சென்றான். அவன் செய்தது கடைத்தெருவில் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு செயல். முன்பின் அறியாத பொற்கொல்லன் ஒருவனிடம் பொருளைக் காட்டி மதிப்பிடக் கேட்டான். அந்தப் பொற்கொல்லனோ அரசியின் சிலம்பைக் களவு செய்தவன். அவன் வாய்ச்சொல்லை மன்னன் ஆராயாது ஏற்றான். அதனால் கோவலன் உயிர் போயிற்று, மன்னன் உயிர் போயிற்று, மாநகரே எரியுண்டது. சைரஸின் குற்றச்சாட்டை இளங்கோவடிகள் மறுக்கவில்லை. சந்தையில் ஏமாற்று நிகழக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அதனை ஆராய்ந்து தடுக்கத் தவறும் அரசு நிலையாது என்றே அவர் காப்பியம் காட்டுகின்றது.

நம் இலங்கைத் தீவிலும் இவ்வுண்மையைக் கல்லிலே பொறித்து வைத்துள்ளனர். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பதுளைத் தூண் கல்வெட்டு, மகியங்கனைப் பகுதியில் இருந்த ஓபிட்டிகம என்னும் சந்தையைப் பற்றியது. அரச அலுவலர் முறைகேடாக வரி கொள்ளுகின்றனர் என்று அச்சந்தை வணிகரும் குடிகளும் அவ்வழி வந்த மன்னனிடம் முறையிட்டனர். மன்னன் கேட்டு விதிகள் வகுத்தான். அங்கே விற்ற பொருளுக்கே வரி, அவ்வழியே கொண்டு செல்லும் பொருளுக்கு வரியில்லை. ஏற்றுக்கொள்ளப்படாத நிறைகற்களைக் கொண்டு நிறுத்தல் ஆகாது. போயா நாளில் வாணிகம் செய்தல் ஆகாது என்பன அவ்விதிகளுட் சில. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு காட்டுவழிச் சந்தையின் குடிகள் மன்னனை நிறுத்தி நியாயம் கேட்டனர் என்பது இந்நாட்டவர் எல்லாரும் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

காலி நகரில் 1911ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட மற்றொரு கல்லையும் இங்கு நினைத்தல் தகும். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த அக்கல், 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. அதிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. சீனப் பேரரசன் இந்நாட்டுத் துறைமுகத்தில் பேச விரும்பியபோது தமிழையும் பாரசீகத்தையும் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அவை இந்துமாகடலின் அங்காடிகளில் வழங்கிய மொழிகளாய் இருந்தமையே. சமயம் வேறு, மொழி வேறு. ஆயினும் ஒரே கல்லில் அருகருகே நின்றன. பலவேறு மக்கள் பகையின்றிக் கூடுவதற்குச் சந்தை பழக்கிய பழக்கம் இது.

அங்காடிகள் அழிந்ததும் உண்டு. தப்ரிஸ் பஜார் 1780ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் தரைமட்டமாயிற்று, மீண்டும் கட்டினர். இஸ்தான்புல் பஜார் 1894ஆம் ஆண்டில் நிலநடுக்கத்தாலும் 1954ஆம் ஆண்டில் பெருந்தீயாலும் சிதைந்தது, மீண்டும் கட்டினர். இவை இயற்கையாலும் விபத்தாலும் வந்த அழிவுகள். ஆனால் சிரியாவின் அலெப்போ நகரத்து அங்காடிக்கு வந்த கேடு மனிதர் கையால் வந்தது. பண்டைய கிரேக்கரும் உரோமரும் அமைத்த அகன்ற நேர்வீதியே காலப்போக்கில் பல சிறு கடைத்தெருக்களாகப் பிரிந்து அவ்வங்காடியாயிற்று என்று அறிஞர் கூறுவர். பற்பல நூற்றாண்டு அரசுகளின் மாற்றத்தைத் தாங்கி நின்ற அது, 2012ஆம் ஆண்டு செத்தெம்பர் மாத இறுதியில் உள்நாட்டுப் போரிலே தீக்கு இரையாயிற்று.

2019ஆம் ஆண்டில் அவ்வங்காடியின் சகாத்தியா என்னும் தெரு செப்பனிடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. கல்லைத் தேடிக் கல்லோடு சேர்த்துக் கூரையையும் கட்டிவிட்டனர். ஆனால் கட்டடம் எழுந்த அளவில் சந்தை எழுந்துவிடுவதில்லை. கடைக்காரர் பலர் நாடு விட்டுப் போயினர். மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்தாருக்குச் சவர்க்காரம் விற்ற கடைக்காரரையும், கடனுக்குக் கேட்டால் கணக்கெழுதாது கொடுக்கும் பழக்கத்தையும் எந்தக் கொத்தனும் கட்டித் தர இயலாது. போரின் கொடுமையையும் எரிந்த கடைத்தெருக்களையும் கண்ட நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நேயர்களே, இன்று பொருள் வாங்கும் முறை விரைந்து மாறி வருகின்றது. பேரங்காடியில் விலைச்சீட்டு ஒட்டிய பொருளை நாமே எடுத்துப் பணம் செலுத்தி வெளியே வருகிறோம். கைத்தொலைபேசியில் விரலால் தொட்டால் பொருள் வீட்டு வாயிலுக்கு வருகின்றது. இவற்றிலே வசதி உண்டு. இவற்றைப் பழித்தல் பொருந்தாது. நம் பழைய சந்தைகளில் எல்லாம் அறமே ஓங்கியிருந்தது என்று கூறுதலும் உண்மையன்று. யாழ்ப்பாணத்துச் சந்தைகள் சிலவற்றில், கழிவு என்னும் பெயரால் தம் விளைபொருளின் நிறையில் ஒரு பங்கு கழிக்கப்படுகின்றது என்று உழவர் முறையிட்டு வந்துள்ளனர். விடியுமுன் பறித்த கத்தரிக்காயையும் வாழைக்குலையையும் சுமந்து வந்தவன் தராசின் முன் கைகட்டி நிற்கும் நிலையைக் காணும்போது, ஓபிட்டிகமக் குடிகளின் முறையீடு இன்னும் பழங்கதையாகவில்லை என்பது விளங்கும்.

ஆயினும் அந்த முறையீடு எழுவதற்கு ஓர் இடம் இருக்கின்றது என்பதே சந்தையின் சிறப்பு. சந்தையில் விற்பவன் முகத்தை வாங்குபவன் காண்கிறான். நிறுக்கும் தராசைப் பலர் காண்கின்றனர். ஒருவனுக்கு இழைத்த தவறு பத்துப் பேர் அறிய நிகழ்கின்றது. உள்ளூராட்சி மன்றமும், நிறைகளைச் சோதித்து முத்திரையிடும் அரச அலுவலரும், வணிகர் சங்கமும் தத்தம் கடமையைச் செய்தால், அத்தவறைத் திருத்தவும் இயலும். அதென்ஸ் நகரத்தார் நியமித்த அலுவலரும், அலெப்போவில் திரிந்த முஹ்தசிப்பும், மகியங்கனையில் நாட்டிய கல்லும் செய்த வேலை இதுவே.

சைரஸ் மன்னன் கண்டது சந்தையின் ஒரு பாதியை மட்டுமே. சத்தியம் செய்து ஏமாற்றுவோர் சந்தையில் உண்டு என்பது மெய். ஆனால், அறியாத மனிதன் ஒருவனை அஞ்சாது அணுகி, அவன் சொல்லை நம்பி, தன் பொருளை அவன் தராசில் வைக்கும் துணிவையும் மனிதன் அங்கேதான் கற்றான். அத்துணிவு வீண்போகாதபடி காப்பது ஒவ்வோர் ஊராரின் பொறுப்பு. அடுத்த சந்தை நாளில் கூடை சுமந்து வரும் உழவனுக்கு நிறை குறையாது கிடைக்குமாயின், அதுவே அம்மன்னனுக்கு நாம் அளிக்கும் விடையாகும்.